தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடலாமா? மாமாக் கடை மேசையில் முடியாத வழக்கு

சனிக்கிழமை ராத்திரி கோலாலம்பூர் செந்தூல் பக்கம் எந்த மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்தாலும் சரி, இரண்டாவது தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வருவதற்குள் பக்கத்து மேசையில் காடிப் பேச்சு, அதாவது கார் பேச்சு, தொடங்கிவிடும். யாராவது ஒருவர் "மீட்டர் ஏறுதுடா, ஜாம்ல நின்னா மேலே போயிடுது" என்பார். அடுத்த நொடியே, எதிரில் இருப்பவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு. நம்ம ஊருக்கு அது எதுக்கு? இங்க என்ன பனியா கொட்டுது?"

எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்தச் சின்னச் சாமானைப் பற்றிய இந்த வசனத்தை இருபது வருஷமாகக் கேட்கிறேன். ஒரு தடவை அப்படியே செய்தும் தொலைத்தேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், எம்.ஆர்.ஆர். 2 சாலையில் பத்துமலைக்குக் கொஞ்சம் முன்னால், வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில், என் பழைய காடியின் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த போமன், அதாவது மெக்கானிக், எதையும் சோதிக்கவில்லை. தெர்மோஸ்டாட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "இனிமே பிரச்சனை வராது" என்றார். வரவும் இல்லை, மூன்று வாரத்துக்கு. அப்புறம் பெடரல் நெடுஞ்சாலை ஜாமில் அதே ஊசி, அதே சிவப்பு. இந்த முறை கிள்ளானில் இருக்கும் வேறொரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா?"

மாமாக் கடையில் நடக்கும் சண்டையில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும்.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். நாம் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பெரிய பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. மிச்சமிருக்கும் சூட்டை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கி, ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடவேண்டும். அந்தப் பாதையில் ஒரு கதவு மாதிரி நிற்பதுதான் தெர்மோஸ்டாட். அதற்குள் ஒரு சின்னக் குப்பியில் மெழுகு இருக்கும். சூடு ஏறினால் மெழுகு உருகி, விரிந்து, கதவைத் தள்ளித் திறக்கும். ஜப்பானிய எஞ்சின்களில் பெரும்பாலும் 76.5, 82, 88 டிகிரி என்று ஏதாவது ஓர் எண் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும் என்று அர்த்தம். மின்சாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

இப்போது கிள்ளான் அண்ணனின் கேள்விக்கு வருவோம். கதவு சரியாகத் திறக்கவில்லை என்றாலோ, வாட்டர் பம்ப் தேய்ந்துவிட்டது என்றாலோ, ரேடியேட்டர் உள்ளே துரு அடைத்துக்கொண்டது என்றாலோ, தண்ணீர் ஓட்டம் குறையும். அப்போது எஞ்சின் கடுமையாக உழைக்கும்போதுதான் சூடு ஏறும்: வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் பறக்கும்போது, கெந்திங் மேட்டில் ஐந்து பேரோடு ஏறும்போது. மாறாக, ஜாமில் நிற்கும்போது மட்டும் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் தானாக இறங்கினால், குறை தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு முன்பக்கத்திலிருந்து காற்று தானாக வந்து மோதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன் ஒன்றுதான் கதி. போதாக்குறைக்கு ஏர்கான் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தன் சூட்டையும் சேர்த்து அதன் மூஞ்சியில் ஊதுகிறது. நம் ஊர் ஜாமில் ஏர்கானை யார் அணைப்பார்கள்?

என் காடியில் ஃபேன் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு தேய்ந்து, ஒரு நேரம் சுற்றும், ஒரு நேரம் சுற்றாது. தெர்மோஸ்டாட் நிரபராதி. பாவம், அது என் கராஜ் அலமாரியில் மூன்று வாரம் சிறையில் இருந்தது.

சரி, தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால்தான் என்ன குறைந்துவிடும்? எடுத்தால் இன்னும் குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? எல்லாரும் கேட்பது இது. ஒருவர் ரொம்ப அழகாக ஒரு விளக்கமும் கொடுப்பார்: "தண்ணி வேகமா ஓடிடும், ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது, அதனாலதான் கழட்டக் கூடாது." முடிவு சரி, காரணம் தப்பு. தண்ணீர் வேகமாக ஓடினால் ஒரு சுற்றில் கொஞ்சம் குறைவாக ஆறும், ஆனால் அதே நேரத்தில் அதிகச் சுற்று ஓடிவிடும். மொத்தத்தில் வெளியேறும் சூடு கூடுமே தவிரக் குறையாது. ஒரு கோப்பையில் ஊற்றிவைத்த தேநீரையும் தே தாரிக் ஆற்றுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேகமாக இழுக்க இழுக்க ஆறுகிறதா இல்லையா!

உண்மையான காரணம் வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்குக் கதவு ஒன்றல்ல, இரண்டு. மேல் கதவு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, கீழே இருக்கும் சின்னத் தட்டு பைபாஸ் என்ற குறுக்கு வழியை மூடும். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றுவதற்காக வைத்த வழி அது. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழியை மூட ஆளே இல்லை. கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் மறுபடி எஞ்சினுக்குள் போகும். அதாவது சூட்டைக் குறைக்கக் கழற்றிய சாமான், கடுமையான வேலை வரும் நேரத்தில் சூட்டை ஏற்றிவிடுகிறது. பைபாஸ் இப்படி அமையாத எஞ்சினும் உண்டு, அதில் கழற்றியவர்கள்தான் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சத்தியம் செய்கிறவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்த எஞ்சின் என்று கேட்காமல் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான்.

கூடச் சூடாவதைவிடச் சூடே ஆகாமல் ஓடுவது மெதுவான நோய். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி காலையில் காராக் பக்கம் காலியான சாலையில் ஓடினால் 60, 65 டிகிரியிலேயே நின்றுவிடும். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? எஞ்சின் இன்னும் கண் விழிக்கவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கேனர் போட்டால் பி 0128 என்று ஒரு பிழைக் குறியீடு வரும், தண்ணீர் வரவேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்பதுதான் அதன் பொருள். கறுப்பு எண்ணெயின், அதாவது எஞ்சின் ஆயிலின், கதை இன்னும் மோசம். எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலப்பது எல்லா எஞ்சினிலும் நடக்கும், எண்ணெய் நன்றாகச் சூடானால் அதெல்லாம் ஆவியாகிப் போய்விடும். சூடாகாவிட்டால் உள்ளேயே தங்கிக் களிம்பாகும்.

இத்தனை இருந்தும் ஏன் இந்த அறிவுரை சாகவில்லை? என் கணக்கில் காரணம் இரண்டு. முதலாவது, ஒரு காலத்தில் இது அவசரத்துக்கு உதவிய வைத்தியம்தான். 1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா கார் வந்த காலத்துக் கார்களில் கார்புரேட்டர்தான். எஞ்சின் என்ன சூட்டில் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கக் கம்ப்யூட்டர் கிடையாது. துருப்பிடித்த தண்ணீரால் தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் அங்கேயே வெந்துவிடும். தஞ்சோங் மாலிம் தாண்டி நடுராத்திரியில் சாமானுக்கு எங்கே போவது? கழற்றி எறிந்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். வீடு போய்ச் சேர்வதற்கான வைத்தியம் நாளடைவில் நிரந்தர வைத்தியமாகிவிட்டது. இரண்டாவது காரணம், நம் நாட்டில் பெட்ரோல் மலிவு. ரோன் 95 ரகப் பெட்ரோல் பல வருஷம் லிட்டர் 2.05 வெள்ளியில் (ரிங்கிட்) நின்றது, 2025 செப்டம்பர் 30இல் குடிமக்களுக்கு 1.99 ஆனது. வண்டி கொஞ்சம் கூடுதலாகக் குடித்தால் யாருக்கு உறைக்கும்? பெட்ரோல் விலை கடிக்கிற ஊராக இருந்தால் இந்தத் தெர்மோஸ்டாட் வழக்கு எப்போதோ தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டும், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி: செப்பாங் பந்தயத் தடத்து ரேஸ்காரர்களைக் காட்டிப் பேசுவது. "செப்பாங்ல டிராக் டே போறவன்லாம் கூலண்ட் ஊத்தறதில்ல தெரியுமா, வெறும் தண்ணிதான்." தெரியும், பலர் விஷயத்தில் உண்மைதான். ஆனால் ஏன்? நிறையப் பந்தயத் தடங்களில், எஞ்சின் தண்ணீரில் கலக்கும் கூலண்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் கூடாது என்று விதியே உண்டு, முக்கியமாக மோட்டார் சைக்கிள்களுக்கு. யாராவது ஒருவருடைய ரேடியேட்டர் உடைந்து கிளைக்கால் தார் மேல் சிந்தினால் எண்ணெய் போல வழுக்கும், சீக்கிரம் காயாது, பின்னால் வருகிறவன் விழுவான். அதற்காகத்தான் தண்ணீர். சூட்டைத் தாங்கிக்கொண்டு போவதில் வெறும் தண்ணீர் கிளைக்கால் கலவையைவிட மேல் என்பதும் நிஜம். ஆனால் ரேஸ்காரர் போட்டி முடிந்து அதை வடித்துவிடுவார். நாம் அதே தண்ணீரை மூன்று வருஷம் உள்ளே வைத்திருப்போம். கிளைக்காலும் அதோடு வரும் துருத் தடுப்பு மருந்தும் இல்லாமல், குழாய்த் தண்ணீர் அலுமினியத்தை மெல்ல மெல்லத் தின்னும். பனிக்காகத்தான் கூலண்ட் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான், நமக்கு வேண்டியது மற்ற இரண்டும், அதாவது துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்.

எஞ்சினுக்குக் குளிர்ச்சிதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஃபார்முலா 1 கார் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கவேண்டும். அந்த எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே முடியாது. உள்ளே இடைவெளிகள் அவ்வளவு இறுக்கம், ஆகவே முதலில் வெளியிலிருந்து சூடான தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே ஓடவிட்டு எஞ்சினைச் சூடாக்குவார்கள், அப்புறம்தான் கிளப்புவார்கள். அதே கார் சூடான ஊர்த் தடத்தில் தொடக்கக் கோட்டில் வந்து நின்றதும் நிலைமை தலைகீழ். அதில் ரேடியேட்டருக்கு ஃபேனே கிடையாது, எடை கூடும் என்று வைப்பதில்லை. காற்று வேண்டுமென்றால் ஓடவேண்டும். அதனால் மெக்கானிக்குகள் உலர்பனி நிரப்பிய ஊதுகுழல்களைக் கொண்டுவந்து பக்கவாட்டுத் துளைகளில் சொருகி நிற்பார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த கார், நின்றால் கொதிக்கிறது, ஜாலான் ஈப்போ ஜாமில் நிற்கும் கஞ்சில் என்ற சின்னக் கார் மாதிரி. இரண்டுக்கும் நோய் ஒன்றே: நிற்கும்போது காற்று இல்லை.

செப்பாங்கின் சூடும் சாதாரணமானதல்ல. 5.543 கிலோமீட்டர் தடம், 15 வளைவு, நண்பகலில் தார் 50 டிகிரியைத் தாண்டும். 1999 அக்டோபர் 17இல் முதல் எஃப்1 போட்டி நடந்ததிலிருந்து 2017 அக்டோபர் 1இல் கடைசிப் போட்டி முடிந்தது வரை, அணிகள் அங்கே வந்தால் காரின் உடம்பில் காற்று வெளியேறும் திறப்புகளைப் பெரிதாக்கிக்கொள்ளும். திறப்பு பெரிதானால் காற்று தடுக்கும், வேகம் குறையும். குளிர்ச்சி இனாமாக வருவதில்லை.

செப்பாங் என்று ஆரம்பித்தால் நம் ஆட்கள் நிறுத்தமாட்டார்கள், நானும்தான். ஷா ஆலம் பத்து தீகா தடத்தைப் பார்த்த பெரியவர்கள் "அதுதான்டா சர்க்கிட், வேலிக்குப் பக்கத்துல நின்னு பார்த்தோம்" என்பார்கள். 2002இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவுப் பட்டத்தை வென்ற கரம்ஜித் சிங்குக்கு இந்த நாடு போதிய மரியாதை தரவில்லை என்பது இன்னொரு நிரந்தரப் புகார், அதில் நானும் ஒரு கட்சி. 2009இல் ஐரோப்பிய டிவிக்காக மாலை 5 மணிக்குப் போட்டியை வைத்து, சரியாக நம்ம ஊர் மழை நேரத்தில் மாட்டிக்கொண்டு, பாதியில் நிறுத்தி, 56 சுற்றில் 31ஐ மட்டும் கணக்கில் எடுத்து, பாதிப் புள்ளி கொடுத்த கூத்தையும், நிறுத்திய நேரத்தில் ஓட்டுநர் ரைக்கோனன் ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும் யாரும் மறக்கவில்லை. மாலை 5 மணிக்கு மழை வரும் என்று கோலாலம்பூரில் மோட்டார் ஓட்டும் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். 2012இல் கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் மேல் பட்டன் மோதியதா, வெட்டல் டயர் கிழிந்தது யார் தப்பு என்பதெல்லாம் எங்கள் மேசையில் இன்னும் விசாரணையில் இருக்கிறது. வெட்டல் விஷயத்தில் தண்டனை கிடைத்தது நாராயணுக்கு, 20 நொடி. எங்கள் மேசை நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் 2016தான் நம் பேச்சுக்குப் பொருத்தம். செப்பாங்கில் மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டன் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார், 41ஆவது சுற்றில் எஞ்சின் தீப்பிடித்து நின்றது. அந்த வருஷப் பட்டம் 5 புள்ளியில் அவருடைய அணித் தோழர் ரோஸ்பெர்க் கைக்குப் போனதால் அந்த ஒரு எஞ்சின் ஒரு பட்டத்தையே தின்றது எனலாம். அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் "செப்பாங் சூடு, வேற என்ன" என்றார்கள். ஒருவர் மட்டும் சதி என்றார். மெர்சிடிஸ் பிரித்துப் பார்த்துச் சொன்னது வேறு: பிஸ்டன் கம்பி கிராங்க் தண்டோடு சேரும் இடத்து பிக் எண்ட் பேரிங் போய்விட்டது, எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது. புகையையும் தீயையும் பார்த்ததும் சூடு என்று முடிவு கட்டுவது, ஊசி ஏறியதும் தெர்மோஸ்டாட் என்று முடிவு கட்டுவதற்கு அண்ணன் தம்பி முறை.

கூலண்ட் நிறத்துக்கு வருவோம், இதிலும் நிறைய நம்பிக்கை உண்டு. பச்சை பழசு, சிவப்பு நல்லது, பிங்க் இன்னும் நல்லது என்பார்கள். நிறம் வெறும் சாயம். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் வேறு வேறு மருந்தாக இருக்கலாம். சில ரகங்களைக் கலந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும். கையேட்டில் எந்த ரகம் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். போதும், இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

அதைவிட, யாரும் கவனிக்காத ஒரு சாமான் ரேடியேட்டர் மூடி. அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும், அழுத்தத்தின் அளவு அது. அந்த அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 120 வரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, 100இலேயே கொதித்து வெளியே வழியும். மலிவான சாமான்களில் ஒன்று இது, ஆனால் பட்டறைகளில் கடைசியாகத்தான் மாற்றுகிறார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது என்பதற்கும் இதே அழுத்தம்தான் காரணம்: திறந்த நொடியில் அழுத்தம் போய், 110இல் இருந்த தண்ணீர் குபீரென்று கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுக் கிடைக்கும் அறிவுரை ஒன்றும் இங்கே செல்லாது. சூடேறினால் ஹீட்டரை முழுசாகப் போடு, கொஞ்சம் சூடு வண்டிக்குள் இறங்கும் என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நம் ஊரில் விற்ற எத்தனையோ சின்னக் கார்களில் ஹீட்டரே கிடையாது! நாம் செய்யக்கூடியது ஏர்கானை அணைத்துவிட்டு, முடிந்தவரை சீக்கிரம் ஓரம் கட்டுவது. ஊசியையும் ரொம்ப நம்பவேண்டாம். பல கார்களில் ஊசி 80இலிருந்து 100 தாண்டும் வரைகூட நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், ஓட்டுநர் பயப்படக் கூடாதாம். ஆக்சியா, பெசா போன்ற புதிய வண்டிகளில் ஊசியே இல்லை, நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது பாதி ஆபத்து முடிந்துவிட்டிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகும் சின்ன ஸ்கேனரும் கைப்பேசியும் இருந்தால் உண்மையான டிகிரி தெரியும். எனக்கு அது வந்தபிறகுதான் ஊகம் நின்றது.

மீறி ஏறிவிட்டால் பயப்படவேண்டியது டாப் கேஸ்கெட்டுக்கு, அதாவது எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் அடைக்கும் தகட்டுக்கு. எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே தே தாரிக் நிறத்தில் நுரை இருந்தால் முடிந்தது கதை என்று எல்லாருக்கும் தெரியும். பாதிதான் சரி. மூடிக்கு அடியில் மட்டும் லேசாக இருந்தால், பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் நீராவி தங்கியதாகவும் இருக்கலாம், தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடாகாத வண்டியில் இது இன்னும் அதிகம். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் நிற்காமல் குமிழ், வெள்ளைப் புகை, தண்ணீர் காணாமல் போவது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால்தான் ஹெட்டைக் கழற்றும் பேச்சு. ஒருவர் தே தாரிக் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு ஹெட்டைக் கழற்றி, செலவழித்து, உள்ளே கேஸ்கெட் முழுசாக இருந்ததைப் பார்த்த கதையும் எங்கள் மேசையில் உண்டு. அவர் இப்போது அந்த மேசைக்கு வருவதில்லை.

இதெல்லாம் மின்சாரக் கார் வந்தால் போய்விடும் என்று சின்னப் பையன்கள் சொல்கிறார்கள். 2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 வந்ததிலிருந்து "ரேடியேட்டர் இல்லாத காடி" என்று ஒரு பேச்சு. தவறு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தண்ணீர் ஓட்டம் உண்டு, பம்ப் உண்டு, முன்னால் ரேடியேட்டரும் உண்டு, பேட்டரியை ஆற்ற ஏர்கானின் உதவியும் உண்டு. பேட்டரி எஞ்சினைவிட வம்பு பிடித்தது, நாம் வியர்க்காமல் இருக்கும் சூட்டில் இருக்கத்தான் அதற்கும் ஆசை. போன வாரம் இதை எங்கள் மேசையில் விளக்கி முடித்ததும் பக்கத்தில் இருந்த ஒரு தம்பி ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"அப்போ அதுல தெர்மோஸ்டாட் எங்கண்ணே இருக்கு? கழட்ட முடியுமா?"